அறுபத்தொரு திகதிகள்

நெடுந்தீவு
09.06.2025

அன்புள்ள தம்பி வசீகரனுக்கு,

கொம்பியூட்டர் நேற்று மாலைப் படகில் வந்து சேர்ந்தது. உன் அத்தான் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, வயர்களைக் கொழுவி, "தம்பி நல்லாத் துப்புரவாக்கித் தந்திருக்கிறான். நல்ல பொடியன்" என்றார். கலியாணம் முடித்த இந்தப் பதினாறு வருடத்தில் அவர் உன்னைப் புகழ்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

போட்டுப் பார்த்தேன். வேகமாகத்தான் வேலை செய்கிறது. ஊரில் செத்தவர்களின் அந்தியேட்டிக்கு நான் அடித்துக் கொடுத்த கல்வெட்டு நினைவுப் புத்தகங்கள், கலியாண அழைப்பிதழ்கள், பிள்ளை நிலாந்தியின் படங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஆனால் திரையின் மூலையில் அந்தக் குப்பைத் தொட்டி வெறுமையாகக் கிடக்கிறது. அதற்குள் இருந்தது எங்கே?

சிரியாதே, கேள். தொண்ணூறில் ஆமிக்குப் பயந்து நாங்கள் எங்கள் ஊர் சுருவிலை விட்டு ஓடினபோது எனக்கு எட்டு வயது, உனக்கு மூன்று. உனக்கு ஞாபகம் இராது. அம்மா காணி உறுதியை அலுமாரியில் வைக்கவில்லை. பால்மா ரின்னுக்குள் போட்டு, மாட்டடிக் குப்பைக்கிடங்கில் புதைத்துவிட்டு வந்தா. திரும்பி வந்தபோது அலுமாரி இல்லை, கதவு இல்லை, கூரையில் ஓடு இல்லை. கிடங்கைக் கிண்டினால் அந்த ரின் மட்டும் அப்படியே கிடந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், ஒளிக்க வேண்டியதைக் குப்பையில்தான் ஒளிப்பேன். உன் அத்தான் கொம்பியூட்டர் முழுக்கக் கிண்டுகிற மனிசன். அந்தத் தொட்டியை மட்டும் தொடமாட்டார். நான் எழுத வேண்டிய நாளில் அதை வெளியே எடுத்து, எழுதி முடித்து, திரும்பவும் குப்பையில் போடுவேன்.

என்ன எழுதினேன் என்று இனியும் மறைத்துப் பயனில்லை. அதில் அறுபத்தொரு திகதி இருந்தது. ஒவ்வொரு திகதிக்கும் கீழே உன் அத்தான் அன்றைக்கு எனக்குச் செய்தது. சிலதுக்குப் படமும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தி உனக்குப் போனில் சொல்லிப் பார்த்தேன். "அத்தான் கோபக்காரர்தான், ஆனா மனம் நல்லம். பொறுத்துப் போங்கோ அக்கா" என்றாய். அதற்குப் பிறகு ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருதரம் வருகிற சட்ட உதவிக்கார அம்மாவிடம் சொன்னேன். "வாயால சொன்னால் குடும்பச் சண்டை எண்டு தள்ளிப்போடுவினம். திகதியோட எழுதினது பெரிய காரியம். ஜூலை பதினைஞ்சு ஊர்காவற்றுறைக் கோட்டுக்குக் கொண்டு வாங்கோ. மகளை உங்களோட வைச்சிருக்க வழி பார்ப்பம்" என்றா. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இவர் சொல்வது உனக்குத் தெரியாது: "போறதெண்டால் நீ தனியப் போ. பிள்ளை என்ர." ஊருக்குள் எனக்கு விசர், மூளை சுகமில்லை என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார். கையில் அந்தக் கோப்பு இல்லாமல் நான் போய் நின்றால் விசரி என்றுதான் பார்ப்பார்கள்.

போனில் கேட்டிருப்பேன். நேற்றிலிருந்து போன் அவருடைய சேட்டுப் பைக்குள் இருக்கிறது. அது கையில் இருந்தாலும், போன வருடம் சாட்டிக் கடலில் குளித்துக் காதுக்குள் தண்ணீர் போனதிலிருந்து இடது காது எனக்குக் கேட்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும். யோகம்மா அக்கா செவ்வாயும் வெள்ளியும் பனங்கிழங்குப் புழுக்கொடியல் விற்க உன் கடைப்பக்கம் வருகிறவ. அவவிடம் கொடுத்து விடுகிறேன். இவர் கடுதாசியைக் கணக்கெடுப்பதில்லை.

துடைக்க முந்தி எல்லாவற்றையும் ஒரு கோப்பி எடுத்து வைத்திருப்பாய்தானே? இருந்தால் பென் டிரைவில் போட்டு அவவிடம் கொடுத்துவிடு. மன்றாடிக் கேட்கிறேன் தம்பி.

அக்கா
பவதாரணி


வேலணை
10.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகம்மா அக்கா கடகத்தை இறக்கி, புழுக்கொடியலை ஒதுக்கி, அடியிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துத் தந்த மாதிரியைப் பார்த்து நான் பயந்தே போனேன். ஆரோ செத்துப் போச்சினம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி மனிசனாக இருந்திருந்தால் ஒட்சிசன் பூட்டித்தான் இங்கே வந்திருக்கும். எழும்பப் பத்து நிமிடம், ஒரு பக்கம் திறக்க இன்னொரு பத்து நிமிடம். வைரஸ் பிடிக்காத இடமில்லை. அத்தானே கொண்டு வந்து, "முழுக்கத் துடைச்சுப் புதுசாப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனவர். நான் கண்ணை மூடிக்கொண்டு துடைக்கிற ஆள் இல்லை. வேண்டியதை எல்லாம் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, அதற்குப் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, விண்டோஸ் புதிதாகப் போட்டு, எடுத்ததைத் திரும்ப வைத்தேன். பன்னிரண்டு கல்வெட்டும் பத்திரம். செத்த சனத்தில் ஒருத்தர்கூட விடுபடவில்லை.

குப்பைத் தொட்டியை நான் மட்டுமில்லை, எந்த ஊர்த் திருத்துகாரனும் கிளறிப் பார்க்க மாட்டான். அதற்குள் நீங்கள் சீவியத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்லுச் சொல்லி விட்டிருக்கலாமே. கோப்பி இல்லை அக்கா. போனது போனதுதான்.

உங்கள் கடிதத்தை வாசித்து மனம் சரியில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபியாதேயுங்கோ. வழக்கு என்று படியேறினால் நாளைக்கு நிலாந்திக்கு ஆர் வருவான்? அழிந்ததை அழிந்ததாகவே விட்டுவிட்டு, புதிதாகத் தொடங்கினால் என்ன? அத்தான் இங்கே வந்தபோது நல்ல மாதிரித்தான் கதைத்தார். மனிசர் மாறுவினம்.

மற்றது, அடிபட்ட காதை இப்படிச் சும்மா விடாதேயுங்கோ. யாழ்ப்பாணத்தில் நல்ல காது டொக்டர் இருக்கிறார், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

தம்பி
வசீகரன்


நெடுந்தீவு
12.06.2025

தம்பி,

பரமலிங்கம் மாஸ்டர் தன் மனிசியின் அந்தியேட்டிக் கல்வெட்டு அடிக்க வந்தவர். அவர் எடுத்து வந்த படத்தைத் திரையில் சரிபார்த்துக்கொண்டு சும்மா கேட்பது போலக் கேட்டேன், அழிந்த கோப்பைத் திரும்ப எடுக்க முடியுமா என்று. "ஓம் பிள்ளை, எங்கட பள்ளிக்கூடத்தில பரீட்சைத் தாளே அழிஞ்சு போய், ஒரு பொடியன் ஏதோ போட்டுத் தோண்டி எடுத்தவன். போர்மட் பண்ணினாலும் அடியில கிடக்குமாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்படியென்றால் இதையும் தோண்டலாம்தானே? அந்த ஹார்ட் டிஸ்க்கை நானே கழற்றி யோகம்மா அக்காவிடம் தருகிறேன். எந்த ஆணியைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் எழுது. பெட்டி ஓடவில்லை என்று இவருக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

இன்னொன்று. பெட்டியின் பின்பக்கத்தில் நீ வழமையாக ஒட்டுகிற துண்டைப் பார்த்தேன். "துடைத்தது 06.06.2025, காலை 10.10 – பிற்பகல் 2.40" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. மாஸ்டரின் மகளுடைய கொம்பியூட்டரும் உன்னிடம்தான் வந்தது, அதிலும் துண்டு இருக்கிறதாம். அதற்கு அரை மணித்தியாலம். என்னுடையதுக்கு ஏன் நாலரை மணித்தியாலம் எடுத்தது?

நிலாந்தி நேற்றுக் கணக்குப் பாடத்தில் தொண்ணூற்றொரு புள்ளி. அப்பாவிடம் காட்டப் பயந்து என்னிடம் மட்டும் காட்டினாள். ஒன்பது புள்ளி எங்கே என்று கேட்பார்.

அக்கா


வேலணை
17.06.2025

அக்காவுக்கு,

சோளகக் காற்று அடித்து வெள்ளிக்கிழமைப் படகு ஓடவில்லையாம். உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

நீங்கள் என்னைப் பொலிஸ்காரன் மாதிரி விசாரிக்கிறீர்கள். மாஸ்டருக்குக் கணக்குத் தெரியும், ஹார்ட் டிஸ்க் தெரியாது. சும்மா போர்மட் பண்ணினால் அடியில் கிடக்கும், உண்மை. நான் அப்படிப் பண்ணவில்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியத்தை எழுதி நிரப்பினேன். அதுக்கு அவ்வளவு நேரம் எடுக்கும். டிஸ்க் பழசு, பழுது இருக்கா என்று பார்க்கவும் வேண்டியிருந்தது. இனி எந்த வித்தைக்காரன் தோண்டினாலும் பூச்சியம்தான் வரும். டிஸ்க்கை அனுப்பாதேயுங்கோ.

சீவியம் முழுக்க நான் உங்களுக்கு ஒரு கெடுதலும் நினைக்காதவன். ஆனால் என் நிலையையும் ஒருக்கால் யோசியுங்கோ. நான் கடை வைத்திருக்கிற அறை அப்புத்துரை அண்ணையின் அறை. அத்தானின் சொந்தத் தமையன். அத்தான் ஒரு சொல்லுச் சொன்னால் அடுத்த நாள் நான் சாமானோடு சந்தியில் நிற்க வேண்டியதுதான். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கினம். அவர்களோடு முகம் முறிக்க எனக்கு ஏலாது.

இதைப் பற்றி இனி எழுதாதேயுங்கோ.

வசீகரன்


நெடுந்தீவு
23.06.2025

வசீகரன்,

பத்தாம் திகதி நீர் எழுதின கடிதம் என் முன்னால் இருக்கிறது. அதன் கடைசியில், "அடிபட்ட காது" என்று எழுதியிருக்கிறீர்.

சாட்டியில் குளித்துக் காதுக்குள் தண்ணீர் போனது என்று உமக்குச் சொன்னேன். அம்மா உயிரோடு இருக்கும்போது அவவுக்கும் அதைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொன்னேன். நிலாந்திகூட அதைத்தான் நம்புகிறாள். உலகத்தில் எனக்கும் இவருக்கும் மட்டும் தெரிந்த காரியம் அது. நான் எழுதி வைத்தது ஓர் இடத்தில் மட்டும்தான்.

குப்பையில் கிடக்கிற கோப்பைச் சும்மா திறந்து பார்க்க ஏலாது. எத்தனையோ தரம் செய்த எனக்குத் தெரியாதா? வெளியே மீட்டெடுத்துத்தான் வாசிக்க வேண்டும். கை தவறி ஒருவரும் வாசிக்க மாட்டார்.

நீர் மீட்டெடுத்தீர், வாசித்தீர். என் காது எப்படிப் போனதென்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நாலரை மணித்தியாலம் இருந்து பூச்சியம் எழுதினீர். இல்லை என்றால் இல்லையென்று ஒரு வரி எழுதும். உம்முடைய பிள்ளைகள் மேல் சத்தியம் கேட்க மாட்டேன், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

பவதாரணி


வேலணை
27.06.2025

அக்கா,

ஓம். வாசித்தனான்.

நாலு நாளாக இதை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, மனிசி கேட்கிறா என்ன பாடம் எழுதுகிறீர்கள் என்று. நீங்கள் என்னை நீர் போட்டு எழுதினது இந்த முப்பத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு நொந்திராது.

நடந்ததைச் சொல்கிறேன். துடைக்க முந்தி, குப்பைத் தொட்டியில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். ஒரே ஒரு கோப்பு கிடந்தது. "கறி வகைகள்" என்று பெயர். கறி வகைகளுக்கு ஏன் இவ்வளவு பாரம் என்று யோசித்தேன். உங்களுடைய சமையல் குறிப்பு கைதவறிக் குப்பையில் விழுந்திருக்கும், எடுத்து வைத்தால் அக்கா சந்தோசப்படுவா என்று நினைத்து மீட்டெடுத்தேன். அதுவரைக்கும் என் மனதில் ஒரு களங்கமும் இல்லை, நம்புங்கோ.

திறந்தால் திகதிகள். கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டு இருந்தவை. பிறகு வாங்கோ என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன். முதல் பக்கத்தைப் பற்றி இப்போது எழுத எனக்கு ஏலாது. போன வருடம் மாசித் திருவிழா அன்று சாமி வெளிவீதி வரும்போது, அர்ச்சனைத் தட்டைப் பிந்திக் கொண்டு வந்ததுக்காக, வீட்டுக்குப் பின்னால் அந்தக் கல்வேலியோடு சேர்த்து உங்கள் தலையை இடது காதுப்பக்கமாக அவர் மோதினதை வாசித்தேன். அதற்குப் பிறகு நீங்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பக் கோயிலுக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் கொடுத்தீர்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன். உங்கள் கையால் பஞ்சாமிர்தம் வாங்கித் தின்றேன்.

அப்பா இல்லாத வீட்டில் உங்கள் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தீவுக்கு வந்தவன் நான்தான். பெரிய குடும்பம், முப்பது மாடு, இரண்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், கோயில் நிருவாகத்தில் ஆள் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தவனும் நான்தான். இதை ஆரும் வாசித்தால் என் முகத்தில்தான் துப்புவினம் என்று நினைத்தேன். கடை அறையையும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அதையும் நினைத்தேன். இது இல்லாவிட்டால் வழக்கில்லை, வழக்கில்லாவிட்டால் எல்லோரும் இருக்கிறபடியே இருக்கலாம் என்று ஒரு விசர்ப் புத்தி. பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நூறு வீதம் என்று வரும்வரைக்கும் எழும்பாமல் இருந்தேன்.

இதைவிடக் கேவலமானது இனித்தான். அத்தான் பெட்டியை எடுக்க வந்தபோது சொன்னேன், "அக்கா கொஞ்சம் எழுதி வைச்சிருந்தவ அத்தான், அழிச்சாச்சு. இனிக் கை நீட்டாதேயுங்கோ" என்று. அவருக்குப் புத்தி சொல்லிவிட்டேன், உங்களையும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் என் தோளில் கையைப் போட்டு, தேத்தண்ணி வாங்கித் தந்தார். நானும் குடித்தேன்.

என்னை என்ன செய்தாலும் செய்யுங்கோ.

வசீகரன்


நெடுந்தீவு
30.06.2025

வசீகரன்,

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். மூன்று கிழமையாக அந்த மனிசனுக்கு எதிரில் சோற்றுக் கோப்பையை வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல் நடந்திருக்கிறேன். அவர் ஒன்றும் தெரியாதவர் போல் தின்றிருக்கிறார். பெட்டி வந்த அன்றே போனைப் பறித்தது ஏன், பள்ளிக்கூடம் விட்டதும் நிலாந்தியைத் தானே போய் ஏற்றி வருவது ஏன், கொம்பியூட்டரை விறாந்தைக்கு மாற்றிப் போட்டது ஏன் என்று ஒவ்வொன்றாய் இப்போது விளங்குகிறது. நீர் சொன்ன அந்தப் புத்திமதிக்குப் பிறகு இரண்டு திகதி கூடியிருக்கிறது. அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. அவற்றை எழுத இடமில்லை, மனதில் வைத்திருக்கிறேன்.

உம்மை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நல்லது. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. அழுது முடிந்தால் இனி நான் சொல்வதைக் கேளும்.

என்னைத் தவிர அந்தக் கோப்பை வாசித்த ஆள் நீர் ஒருவர்தான். டிஸ்க்கில் பூச்சியம் எழுதினீர், சரி. உமது தலைக்குள் ஆரும் எழுதவில்லையே. ஒரு கொப்பியை எடும். ஞாபகம் உள்ளதை எல்லாம் எழுதும். திகதி தெரிந்தால் திகதி, தெரியாவிட்டால் மாதம், அதுவும் தெரியாவிட்டால் என்ன நடந்தது என்று மட்டும். நானும் எழுதுவேன், ஆனால் நான் விசரி, நான் எழுதினால் கற்பனை என்பார்கள். நீர் அவருடைய மச்சான், அவருடைய தமையனின் அறையில் கடை நடத்துகிறவர். நீர் சொன்னால் கேட்பார்கள். என்ன வாசித்தீர் என்பதைச் சொல்ல வேண்டும். அதை ஏன் அழித்தீர், அழித்ததை ஆருக்குச் சொன்னீர் என்பதையும் சொல்ல வேண்டும். வெட்கக்கேடுதான். எனக்குப் பதினாறு வருட வெட்கக்கேடு இருக்கிறது, உமக்கு ஒரு நாள் வரட்டும்.

ஜூலை பதினான்கு திங்கட்கிழமை காலைப் படகில் வர வேண்டும். ஒளித்து வரக்கூடாது, இராயப்புவின் மீன் வள்ளத்தில் வாறன் என்றெல்லாம் கதைக்கக் கூடாது. எல்லோரும் வருகிற படகில், எல்லோரும் பார்க்க வந்து இறங்க வேண்டும். இவர் வழமைபோல லாண்ட்மாஸ்டரோடு இறங்குதுறையில்தான் நிற்பார். கை காட்டுவார், ஏறச் சொல்வார். நீர் அவரைக் கடந்து எங்களிடம் நடந்து வர வேண்டும். அந்தச் சனத்துக்கு நடுவில் அவர் என்னைத் தொடமாட்டார், பதினாறு வருடத்தில் ஒரு நாளும் ஆட்கள் பார்க்கத் தொட்டதில்லை. நிலாந்தி பள்ளிக்கூட உடுப்போடு நிற்பாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சப்பாத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கழுவிக் காயவைப்பேன், பள்ளிக்கென்று நினைப்பார். அதே படகு திரும்பும்போது மூன்று பேரும் ஏறுவோம்.

நீர் வராவிட்டால் நாங்கள் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டி வரும். என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. ஆகவே வருவது என்றால் மட்டும் எழுதும். ஏலாது என்றாலும் எழுதும், நான் வேறு யோசிக்க வேண்டும்.

பவதாரணி


நெடுந்தீவு
07.07.2025

யோகம்மா அக்கா செவ்வாய் உன் கையில் கடிதத்தைத் தந்துவிட்டு வெறுங்கையோடு வந்தா, வெள்ளியும் வெறுங்கையோடு வந்தா. கடை பூட்டிக் கிடக்கிறது என்கிறா.

எனக்குக் கோபம்கூட வரவில்லை தம்பி, பயமாக இருக்கிறது. அவருக்கு மறுபடியும் சொல்லிவிட்டாயா? அதை மட்டும் சொல்.

அக்கா


சுருவில்
11.07.2025

அக்கா,

சொல்லவில்லை. அம்மா மேல் ஆணை, ஒருவருக்கும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டுச் சுருவில் வீட்டில் இருந்து எழுதினேன். இன்றைக்கு யோகம்மா அக்கா இங்கேயே தேடி வந்துதான் உங்கள் கடிதத்தைத் தந்தா. ஒரு வரி உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும், எழுத எடுத்த கையால் வேறு ஒன்றும் எழுத ஏலாமல் போச்சு. எத்தனை நாள் உங்களைப் பயத்தில் வைத்திருந்தேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

பெட்டி திருத்துகிறவன் நான். ஒரு மணித்தியாலத்தில் வாசித்ததைப் பத்து நாளாகத் தேடினேன். தலைக்குள் இருந்து எடுக்க ஒரு கருவியும் இல்லை. முதலில் நாலுதான் வந்தது. பிறகு, கோயில் மணி கேட்டால் ஒன்று, குசினிக்குள் மனிசி விறகு முறிக்கிற சத்தம் கேட்டால் ஒன்று. எரிகிற விறகால் உங்கள் கையில் வைத்தது அப்படித்தான் வந்தது. மனிசிக்கு எல்லாம் சொன்னேன். அடுத்த நாள் தானே இருந்து நான் சொல்லச் சொல்ல எழுதித் தந்தா.

மொத்தம் இருபத்துமூன்று. அதற்கு மேல் எனக்கு வரவில்லை அக்கா, மிச்சத்தை நான் கொன்றுபோட்டேன். இருபத்துமூன்றுக்கும் கீழே, எந்தத் திகதியில் வாசித்தேன், எத்தனை மணித்தியாலம் எடுத்து அழித்தேன், ஆருக்குச் சொன்னேன், என்ன வாங்கிக் குடித்தேன் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து இருக்கிறது. நேற்று ஊர்காவற்றுறைக்குப் போய் சட்ட உதவிக்கார அம்மாவைத் தேடிப் பிடித்து ஒரு கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி, உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமைக்கிடையில் எனக்கு மனம் மாறினாலும் இனி அதை என்னால் அழிக்க ஏலாது. அந்த அம்மா முழுக்க வாசித்துவிட்டு, "நீர் செய்தது பெரிய பிழை" என்றா. பிறகு, "செவ்வாய்க்கிழமை அக்காவோட நீரும் வாரும், இதை வாயாலயும் சொல்லவேணும்" என்றா. ஓம் என்றேன்.

கடைச் சாமானை எல்லாம் வீட்டு விறாந்தைக்குக் கொண்டு வந்தாச்சு. வெள்ளை அடிக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நாங்கள் திரும்பிப் படகேறுகிற நேரத்துக்குப் பிறகு மனிசி அப்புத்துரை அண்ணையின் கையில் சாவியைக் கொடுப்பா. அவர் தம்பிக்குப் போன் எடுத்தாலும் நாங்கள் கடலில் நிற்போம். நிலாந்திக்கு அந்த முன்னறையைக் கழுவி விட்டிருக்கிறோம்.

இறங்குதுறையில் அத்தான் கை காட்டினாலும் நிற்க மாட்டேன். அவரைக் கடந்து நடந்து வருவேன். நீங்கள் வலது காது படகுப்பக்கம் இருக்க நில்லுங்கோ, கூப்பிட்டால் கேட்கும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் கோப்பின் முதல் பக்கம். வாசித்த நிமிடத்திலிருந்து அதுதான் மறக்கவே இல்லை, அதைத்தான் கடைசியாக எழுதினேன். அந்தத் திகதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓகஸ்ட் இருபத்துமூன்று, இரண்டாயிரத்து இருபத்திரண்டு. என் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தீர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியிருந்தது ஒரு வரி, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்:

"கை வீங்கிக் கிடந்தது. தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன், பொறுக்கச் சொன்னான்."

அதற்குக் கீழே, அந்தத் தம்பி நான்தான் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

திங்கள் காலைப் படகு.

உங்கள் தம்பி
வசீகரன்